பதினொன்று இல்லாத கடிகாரம்

திருவள்ளூர் பஜார் தெருவில் எங்கள் கட்டடத்துக்குக் கடிகாரக் கட்டடம் என்று பெயர். வெளியூர்க்காரர்கள் யாராவது வழி கேட்டால், "நேரா போயி கடியாரத்தாண்ட லெப்ட்ல திரும்பு" என்பார்கள். அவர்களும் வந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மறுபடி தலையைத் தூக்குவார்கள். ஏனென்றால் அது ஓடுகிற கடிகாரம் இல்லை. ஓடி நின்றுபோன கடிகாரமும் இல்லை. வளையம், எண், முள் எல்லாமே சுண்ணாம்புச் சுதையால் செய்தது. மணி எப்போதும் ஒன்பது பத்து.

கட்டியவர் என் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். ஆகவே அவரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் காதில் விழுந்ததுதான். எங்கள் வீட்டில் ஒரு சேதி வாய்க்கு வாய் கொஞ்சம் சதை போட்டுக்கொண்டுதான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா அரிசி மண்டி வைத்திருந்தார். மூட்டைகளோடு அடிக்கடி மெட்ராஸ் கொத்தவால் சாவடிக்குப் போவார். வெள்ளைக்காரன் காலம். அங்கே எங்கேயோ ஒரு தெருவில் ஒரு கம்பெனிக் கட்டடத்தைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டாராம். வளைவு வளைவாக வாசல்கள், உயரமான தூண்கள், உச்சியில் முக்கோண முகப்பு, அதன் நடுவில் மணி அடிக்கும் கடிகாரம். ஊருக்குத் திரும்பிய கையோடு கொத்தனாரைக் கூப்பிட்டு, "அதே மாரி ஒண்ணு வோணும்" என்றார். கொத்தனார் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை. தாத்தாவுக்குப் படம் போடத் தெரியாது. கையை அகல விரித்துக் காட்டினார், காற்றில் வளைத்துக் காட்டினார், தூண் எவ்வளவு பருமன் என்று கேட்டதற்குத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கொத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் தூண்கள் நடுவில் கொஞ்சம் தொப்பை போட்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

முகப்பின் இரண்டு ஓரத்திலும் சிங்கம் வேண்டும் என்றார் தாத்தா. கொத்தனார் சிங்கத்தையும் பார்த்ததில்லை. பூனையைப் பார்த்திருந்தார். அந்த இரண்டும் பிடரி மயிர் வைத்துக்கொண்டு, இப்போதுதான் பால் குடித்து முடித்த முகத்தோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, முகத்தில்தான் இந்தக் கூத்தெல்லாம். உடம்பு இரும்பு. முட்டையின் வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் பூசிய சுவர். உள்ளங்கையை வைத்தால் சித்திரையிலும் குளிரும். மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே நாள்கணக்காகத் தட்டி இறுக்கிய தளம். கீழே மண்டியில் மூட்டை அடுக்க அகலமான இடம் வேண்டும், நடுவில் தூண் வரக் கூடாது என்பதற்காக, ரயில்வேயில் கழித்துப் போட்ட தண்டவாளங்களை வாங்கி வந்து கட்டைகளுக்குக் கீழே தாங்கலாகக் கொடுத்திருந்தார் தாத்தா. ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி போனால் எங்கள் தலைக்கு மேலே லேசாக ஒரு ரீங்காரம் கேட்கும். சொந்தக்காரன் போகிறான், விசாரிக்கிறது என்று சொல்லிக்கொள்வோம்.

கடிகாரத்தில்தான் சிக்கல் வந்தது. அவ்வளவு பெரிய கடிகாரம் சீமையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தாத்தா யோசித்தார். "அது ஓட வோணாம், அடிக்க வோணாம். மணி காட்டினா போதும்" என்று முடிவு செய்தார். கொத்தனார் சாரத்தில் ஏறி வளையம் போட்டு, உச்சியில் பன்னிரண்டை வைத்து, வலப்பக்கமாக ஒன்று, இரண்டு என்று ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டே வந்தார். ஆரம்பத்தில் இடம் நிறைய இருக்கிறதே என்று தாராளமாக விட்டு வைத்திருக்கிறார். பத்தை வைத்துவிட்டுப் பார்த்தால், பக்கத்திலேயே பன்னிரண்டு நிற்கிறது. பதினொன்றுக்கு இடமே இல்லை. அதற்குள் சுண்ணாம்பும் இறுகிவிட்டது. தாத்தா கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "போவட்டும் உடு. பதினோரு மணிக்கு நம்ம கடைல யாருக்கும் ஜோலி கெடையாது" என்றாராம். முள்ளை எங்கே வைப்பது என்று கொத்தனார் கேட்டதற்கு, கடை திறக்கும் முகூர்த்தத்தில் வை என்று சொல்லிவிட்டார். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் ஒன்பது பத்து.

இதில் ஊர் எப்படி நுழைந்தது என்று சொல்ல வேண்டும். மண்டி திறந்து கொஞ்ச காலம் ஆனபிறகு, ஒரு கல்யாணத்துக்கு நிச்சய தாம்பூலம் மாற்றிக்கொள்ள வந்த மாப்பிள்ளை வீட்டார் மாட்டுவண்டி அச்சு முறிந்து தாமதமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். ராகு காலம் பிறந்துவிட்டது. தெருவில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்களாம். தாத்தா வாசலுக்கு வந்து, "என் கடை வாசல்ல எப்பவும் முகூர்த்தம்தாய்யா. மேல பாரு, மணி இன்னா?" என்று கேட்டிருக்கிறார். அவர்களும் மேலே பார்த்துவிட்டு, சரிதான் என்று எங்கள் வாசலிலேயே தட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணுக்கு வரிசையாக ஆண் பிள்ளைகள். அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்?

நான் வளர்ந்த ஐம்பது, அறுபதுகளில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டிருந்தது. நல்ல நேரம் தவறிவிட்டதா, எங்கள் கட்டடத்தின் முன்வளைவுக்குக் கீழே வந்துவிடு. புது சைக்கிள், புது வண்டிமாடு, ஊத்துக்கோட்டைக்கு முதல் நடை போகும் புது பஸ், பரீட்சைக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று வந்தபடி இருப்பார்கள். அமாவாசைக்குக் கோயில் குளத்தில் முழுக வரும் கூட்டம் கூட ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும். அதற்குச் சட்டதிட்டம் உண்டு. வலது காலை முன்னால் வைத்து நிற்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டும். கையில் கடிகாரம் கட்டியிருந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் பலிக்காதாம். நின்றபிறகு வாய்விட்டு "மணி இன்னா?" என்று கேட்க வேண்டும். கட்டடத்துக்காரர்களில் யாராவது "ஒம்பது பத்து" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஆரம்பிக்கலாம்.

அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை தாத்தாவுக்குப் பிறகு என் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா செத்தாலும் சொல்ல மாட்டார்.

நைனா ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தா. மண்டி அவருக்கு ஒத்துவரவில்லை. அரிசியில் புழு வரும், ஆள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான் என்பார். காலையில் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்குக் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரி செய்த பிறகுதான் காபியைத் தொடுவார். தெருவில் யார் மணி கேட்டாலும் நிமிஷம் சுத்தமாகச் சொல்வார். அரை நிமிஷம் இருந்தால் அதையும் சொல்வார். இப்படிப்பட்ட மனுஷன் பிறந்து வளர்ந்தது தப்பு மணி காட்டும் கடிகாரத்துக்குக் கீழே. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே ஒம்பது பத்து. ஆபீசிலும் அது விடாமல் பின்னால் வந்தது. அவருக்கு அந்தக் கடிகாரத்தின்மேல் இருந்த ஆத்திரம் எனக்குப் புரிந்தது. ஆனால் கட்டடத்தின்மேல் அவருக்கு உயிர். வெள்ளையடிக்க வந்தவன் தூணில் ஏணியை அழுத்திச் சாய்த்தால் போதும், தன் கால்மேல் ஏறியது போலக் கத்துவார்.

ஆகவே பதில் சொல்லும் வேலை பூக்கார அம்மாவிடம் போனது. அவர் எங்கள் வளைவுக்குக் கீழே பூக்கூடை வைத்திருந்தவர். வாடகை கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு முழம் பூ வந்துவிடும். "ஊட்டுக்காரரு வாயத் தொறக்க மாட்டாரு, நான் சொல்றேன். ஒம்பது பத்து, போய் வா ராசா" என்பார். போகிறவர்கள் சும்மா போவார்களா? ஒரு முழம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மாடி முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சை என் காதில் போட்டுப் பார்த்துவிட்டு எல்லோரும் ஓய்ந்திருந்த சமயம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வருகிறது, டைப் தெரிந்தால் வேலை நிச்சயம் என்று பிள்ளைகள் குவிந்தார்கள். பரீட்சைக்குப் போகும்போது கீழே நின்று ஒன்பது பத்து வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் இன்ஸ்டிட்யூட் தொடங்கிய அன்று நின்றேன். நைனா அப்போது டூட்டியில் இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சித்தப்பா பேச்சை எடுத்தார். நைனாவின் தம்பி. கட்டடத்தில் சரிபாதி அவருடையது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. திருவள்ளூரிலிருந்து பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஆடி மாதம் வந்தால் வேப்பிலையோடு அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் அவருக்குப் படியில் தொங்கக்கூட இடம் கிடைக்காது. ஷிப்டுக்குத் தாமதமாகப் போனால் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். கும்மிடிப்பூண்டியிலேயே மனை வாங்கி வீடு கட்ட வேண்டும், அதற்குக் கட்டடத்தை விற்க வேண்டும் என்றார். கீழே மண்டி இருந்த இடத்தில் வாடகைக்கு இருந்த ஜவுளிக்கடையும் காலி செய்து போயிருந்தது. வாங்க ஆள் தயாராக இருந்தார். அவர் இதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டுவாராம்.

"இடிக்கறதா?" என்றார் நைனா. அன்று ரேடியோ பீப் அடித்தபோது கடிகாரத்தைத் திருகவும் இல்லை.

சித்தப்பா கெட்டவர் இல்லை. அவருக்கும் மனசு கேட்கவில்லை. "அண்ணா, கீழ நெலையா ஒரு நல்ல வாடகைக்கு ஆள் வந்தா நான் விக்கற பேச்ச உட்டுடறேன். இல்லன்னா நான் இன்னா பண்றது, தெனம் பேஜாரு" என்றார்.

அப்போது வங்கிகள் சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் கிளை திறந்துகொண்டிருந்தன. பஜார் பக்கம் ஒரு வங்கி இடம் தேடுகிறது என்று கேள்விப்பட்டு நைனா ஓடினார். ஒரு நாள் அந்த வங்கியின் மேனேஜர் இடம் பார்க்க வந்தார். இந்தக் கிளைக்கென்றே மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர், கறாரான ஆள், ஆனால் பேச்சு பதமாக இருந்தது. விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவருக்குள்ள லாக்கர் வெச்சா கொள்ளைக்காரன் மூணு தலைமுறை தோண்டணும்" என்றார். தொப்பைத் தூண்களையும் தண்டவாளங்களையும் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினீயர் யார் என்று கேட்டார். "எங்க தாத்தா வயிறு சார்" என்றேன் நான். நைனா என்னை முறைத்தார்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்ததும் மேனேஜரின் முகம் மாறியது. "எல்லாம் சரிங்க. ஆனா இந்தக் கடிகாரம் இருக்கக் கூடாது. வங்கின்னா கணக்கு தப்பாத இடம். நெத்தியிலேயே தப்பு மணி காட்டினா ஜனங்க என்ன நெனப்பாங்க?"

நைனாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் போல, "நாளைக்கே எடுத்துடறேன் சார்" என்றார். எனக்கு ஏனோ சுருக்கென்றது. கட்டடம் நிற்பதற்குக் கடிகாரம் போவது பெரிய விஷயமா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஒரு கொத்தனார் உளியும் சுத்தியலுமாக ஏறினார். கீழே கடைக்காரர்கள் எல்லோரும் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் அடிக்கு உளி துள்ளியது. இரண்டாவது அடிக்குக் கொத்தனார் துள்ளினார். முட்டைச் சுண்ணாம்பு அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் உளியின் முனைதான் மழுங்கியது, கடிகாரத்தில் ஒரு முள்கூட உதிரவில்லை. பூக்கார அம்மா கீழே உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டே, "நல்லா அடி மேஸ்திரி. முட்டை ஒடயிதா பாரு. எத்தினி கோழி போட்ட முட்டையோ!" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் இறங்கிவந்து, "இத்த எடுக்கணும்னா மொத்த முக்கோணமும் கூட வரும், பரவால்லயா?" என்று கேட்டார். நைனா கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசியில் மேனேஜர்தான் வழி சொன்னார். வங்கியின் பெயர் எழுதிய தகரப் பலகை ஒன்று செய்துகொண்டு வந்து, கடிகாரம் முழுசாக மறையும்படி கம்பி போட்டுக் கட்டினார்கள். இரண்டு பூனைச் சிங்கங்களுக்கு நடுவில் வங்கியின் பெயர் பளபளவென்று நின்றது. நைனா எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் ரசித்தார்.

பூக்கார அம்மா அன்றிலிருந்து நைனாவோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமைப் பூ மட்டும் தவறாமல் வந்தது, ஆனால் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பழக்கத்தில் வருகிறவர்கள் வளைவுக்குக் கீழே வந்து வலது காலை வைத்து, அண்ணாந்து பார்த்துத் திகைப்பார்கள். "இன்னா இது, பேங்கு பேரப் பாத்தா நல்ல நேரம் எப்டி வரும்?" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

வங்கி முதலில் சில மாதங்களுக்குத்தான் வாடகைச் சீட்டு எழுதியது. திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருவார், ஊர் ஜனங்கள் கணக்குத் திறக்க ஆர்வமாக வருகிறார்களா என்று பார்ப்பார், பார்த்துவிட்டுத்தான் நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். திருப்தி இல்லாவிட்டால் கிளை ஸ்டேஷன் பக்கம் போய்விடும். சித்தப்பாவும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தார். கையெழுத்து விழுந்தால் கட்டடம் நிற்கும், விழாவிட்டால் லாட்ஜ்.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி.

அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழம பத்தரைலேந்து பன்னெண்டு ராகு காலம் ஆச்சே. யாரு குறிச்சாங்க இத்த?" என்றாள்.

"மெட்ராஸ்ல குறிச்சாங்க. ராகு இன்னா பாஸ்புக்கு வாங்கவா வருது?" என்றார் நைனா.

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் பஜார் பேசியது. வீடு வீடாகப் போய் மேனேஜர் அழைத்தபோது எல்லோரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் வாழைமரம், தோரணம், நாதஸ்வரம் எல்லாம் தயார். புதுப் பெயிண்ட் வாசனை. மேஜைமேல் கணக்குத் திறக்கும் தாள்கள் அடுக்கியிருந்தன. பெரிய அதிகாரி சரியான நேரத்துக்குக் காரில் வந்து இறங்கினார். நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, "பத்து அம்பத்தெட்டு சார், ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க" என்று பெருமையாக வரவேற்றார்.

ரிப்பன் வெட்டியாயிற்று. விளக்கு ஏற்றியாயிற்று. வங்கி ஊழியர்கள் கை தட்டினார்கள். நாங்கள் தட்டினோம். வேறு யாரும் இல்லை.

யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது. பஜாரே வந்திருந்தது, ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம். எதிரே சோடாக் கடைப் பந்தலுக்குக் கீழே அரிசிக்காரர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், கிராமத்திலிருந்து மூட்டை இறக்க வந்தவர்கள், என் மாணவர்கள் சிலர் என்று ஒரு திருவிழாக் கூட்டம் நின்றது. எல்லோரும் சிரித்த முகமாக எங்களைப் பார்த்தார்கள். கையசைத்தால் கையசைத்தார்கள். தெருவை மட்டும் கடக்கவில்லை. மேனேஜர் ஓடிப்போய்க் கூப்பிட்டார். "தோ வந்துடறோம் சார். பன்னெண்டு அடிக்கட்டும்" என்றார்கள். பெரிய அதிகாரி பன்னிரண்டுக்குள் கிளம்ப வேண்டும் என்று மேனேஜர் கெஞ்சினார். "அப்டியா? பாவம்" என்றார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லீவு போட்டு வந்திருந்தார். அவர் நைனாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய அதிகாரி ஒரு தட்டில் வைத்த மைசூர்பாக்கை விண்டு விண்டு சாப்பிட்டார். "ஊர்ல ஆர்வம் கம்மி போலிருக்கே" என்று மேனேஜரிடம் மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மாடியில் என் மிஷின்கள், கீழே தொப்பைத் தூண்கள், தலைக்கு மேல் ரீங்காரம் போடும் தண்டவாளங்கள் எல்லாம் அந்த மைசூர்பாக்கு தீர்வதற்குள் போய்விடும் என்று தோன்றியது. நைனா வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருக்கு உதவுகிற மாதிரி எதையும் காட்டவில்லை.

பூக்கார அம்மா தன் இடத்தில் உட்கார்ந்து சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"மொதலாளி, பலகைய எறக்கு."

நைனா நின்றார்.

"நம்ம கடியாரம் தெரிஞ்சா வந்துடுவாங்க. நான் சொல்றேன், நீ நின்னுக்கினே இருக்கற."

நைனா மேலே பார்த்தார். எதிரே தம்பியைப் பார்த்தார். தோரணம் கட்டின ஏணி இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏற ஆரம்பித்தார். அந்த வயதில் அவர் ஏணியில் ஏறி நான் பார்த்ததில்லை. ஏணி தூணில் அழுத்தாமல் பார்த்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டே ஏறினார்.

"சார், என்ன பண்றீங்க?" என்று மேனேஜர் அலறினார்.

"போர்டு ஆடுது சார். சரி பண்றேன்."

போர்டு ஆடவே இல்லை. நைனாதான் ஆடினார். கம்பியை ஒரு பக்கம் அவிழ்த்து, மறுபக்கம் அவிழ்த்து, பலகையை மெதுவாக நழுவவிட்டார். அது முக்கோணத்துக்குக் கீழே ஓடிய மேடான விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. வங்கியின் பெயரும் தெரிந்தது, அதற்கு மேலே கடிகாரமும் தெரிந்தது. முதலிலேயே அங்கே கட்டியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு சலசலப்பு. எல்லாத் தலைகளும் அண்ணாந்தன. ஆனாலும் கால்கள் தயங்கின. பாத்திரக் கடைக்காரர் ஒருவர், "இருந்தாலும் மணி பதினொண்ணு தாண்டிடிச்சே" என்று இழுத்தார்.

பூக்கார அம்மா எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "எந்தப் பதினொண்ணு? மேல பாரு. எங்கனா பதினொண்ணு கீதா? இந்தக் கட்டடத்துல அந்த மணியே கெடையாது!"

தெரு முழுக்கச் சிரித்தது. பெரிய அதிகாரி வெளியே வந்து அண்ணாந்து எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் பிரிந்து தெருவைக் கடந்து வந்தார். சித்தப்பா. கட்டடத்தை விற்க வேண்டும் என்று வந்தவர். வளைவுக்குக் கீழே வந்து வலது காலை முன்னால் வைத்தார். கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவரும் இதே கடிகாரத்துக்குக் கீழே பிறந்தவர்தானே. ஏணியில் நின்றுகொண்டிருந்த அண்ணனை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"அண்ணா, மணி இன்னா?"

பூக்கார அம்மா வழக்கம்போலப் பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

நைனா ஒரு கையால் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை, அன்று காலை ரேடியோவுக்குச் சரி செய்த கடிகாரம் கட்டியிருந்த கையை, மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒம்பது பத்துடா. உள்ள வா."

கூட்டம் சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. பெரிய அதிகாரி கிளம்புவதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நைனா அதற்கப்புறமும் தினம் ரேடியோ பீப்புக்குக் கடிகாரத்தைத் திருகினார், கேட்டவர்களுக்கெல்லாம் நிமிஷம் சுத்தமாக மணி சொன்னார். அவர் தப்பு மணி சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.